ஒற்றிப்போடுகிறவன்

உக்காருங்க தம்பி, பையை நான் மடியில வச்சுக்கிடுதேன். பாத்து, உள்ள சாக்பீஸ் டப்பா இருக்கு, நசுங்கிரும். வேற ஒண்ணும் இல்ல, ஒரு வேதாகமம், ஒரு பைல், கண்ணாடிக் கூடு. அம்புட்டுதான். ரயில்வே கேட் போட்டுட்டானா? போச்சு போங்க. இந்தக் கேட்டுல மாட்டினா அரை மணி நேரம். ரெண்டு வண்டி கிராஸிங்னா முக்கால் மணி. முன்னால லாரி, பின்னால டிராக்டர். பஸ் முன்னாலயும் போக முடியாது, திரும்பவும் முடியாது. நீங்க வாட்ச்சைப் பாக்காதீங்க, பாத்தா இன்னும் எரிச்சலாத்தான் வரும். நான் பழகிட்டேன். நாலு மாசமா என் பொழப்பே இப்படித்தான் கிடக்கு.

நீங்க எங்க போறிய? திருச்செந்தூரா? அப்ப எங்க ஊரைத் தாண்டித்தான் போவணும். இரட்சணியபுரம். ரோட்டு மேலயே எங்க வேதக்கோயில், பஸ் ஸ்டாப்புக்கு நேர் எதிர்ல ஒரு கரும்பலகை நிக்கும், பாத்திருப்பியளே. மேல 'இன்றைய வசனம்'னு வெள்ளை பெயிண்ட்ல எழுதிருக்கும். அது நாந்தான். பதினோரு வருசமா நாந்தான் எழுதுதேன். வேதமாணிக்கம் வாத்தியார்னு யார்ட்ட கேட்டாலும் சொல்லுவாவ. ரிட்டயர் ஆன மறுநாளே சாக்பீஸை எடுத்தவன். முப்பத்தாறு வருசம் போர்டுல எழுதின கை, சும்மா இருக்குமா?

சும்மா ஏதோ ஒரு வசனத்தைக் காப்பி அடிக்கிற சோலி இல்ல தம்பி அது. காலையில அஞ்சரைக்குச் செல்லக்கனி டீக்கடையில பேப்பர் வந்துரும். முதல் பக்கத்துல இருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் படிப்பேன். இன்னைக்கு உலகத்துல என்ன நடக்கு, அதுக்கு வேதம் என்ன சொல்லுது, அதை யோசிப்பேன். ஆறரை பஸ் வாரதுக்குள்ள போர்டுல ஏறிரும். சாக்பீஸை முந்தின நாளே சீனித் தண்ணியில ஊறப்போட்டுருவேன். அதுல எழுதினா பளிச்னு தெரியும், பனி விழுந்தாலும் கலங்காது. கையால தடவினா அழியவே அழியாது, ஈரத்துணி போட்டுத் தேய்க்கணும்.

வெயில் நூத்தி நாலுனு போட்டிருந்தானா, 'பகலிலே வெயிலாகிலும் இரவிலே நிலவாகிலும் உன்னைச் சேதப்படுத்துவதில்லை'னு எழுதுவேன். பஸ்ஸுக்கு நிக்கிற பொம்பளைய படிச்சிட்டுத் தலையில முந்தானையைப் போட்டுக்கிடுவாவ. நாலு நாள் கரண்ட் இல்லாம கிடந்தப்ப 'வெளிச்சம் உண்டாகக்கடவது'னு எழுதினேன். லைன்மேன் வந்து, "வாத்தியாரே, நாங்க என்ன சும்மாவா இருக்கோம்"னு ஒரே சத்தம். நான் உன்னையா சொன்னேன், ஆண்டவர் சொன்னதை எழுதினேன்னு சொல்லிட்டேன். பத்தாங்கிளாஸ் ரிசல்ட் வந்த அன்னைக்கு, முந்தினவங்க பிந்தினவங்க ஆவாங்கங்கிற வசனத்தைப் போட்டேன், பெயிலாப் போன பிள்ளைய தெம்பா இருக்கட்டும்னு. முதல் மார்க் வாங்கின பிள்ளையோட அம்மா சண்டைக்கு வந்துட்டா. எலெக்‌ஷன் சமயத்துல ஆட்டுத்தோலைப் போர்த்திக்கிட்டு வார ஓநாய் வசனம். கேளுங்க, மூணு கட்சிக்காரனும் வந்து கையைக் குடுத்தான், எதிர்க்கட்சிக்காரனுக்குச் சரியான சூடு வாத்தியாரேனு. அப்பத்தான் எனக்கு ஒண்ணு புரிஞ்சது. மனுசனுக்குத் தனக்குச் சொன்ன வசனம் மட்டும் கண்ணுல படவே படாது, அடுத்தவனுக்குச் சொன்னதுதான் படும். இதை நான் நிறையப் பேர்ட்ட சொல்லிருக்கேன்.

நான் யாரையும் மனசுல வச்சு எழுதினதில்ல தம்பி. அதை முதல்லயே சொல்லிருதேன். ஒண்ணு ரெண்டு தடவை இருக்கும். செல்லக்கனி பால்ல தண்ணி ஊத்துதான்னு தெரிஞ்சப்ப, கானாவூர்க் கலியாணத்துல தண்ணி திராட்சரசமான வசனத்தைப் போட்டேன். அதுவும் அவன் நல்லதுக்குத்தான். மத்தபடி எல்லாம் பேப்பரைப் பாத்து எழுதினதுதான்.

ஏப்ரல் மாசம் அந்த வசனத்தை எழுதினதும் பேப்பரைப் பாத்துத்தான். ரெண்டு தேசத்துக்கு எல்லைத் தகராறு, முதல் பக்கத்துலயே படம் போட்டிருந்தான், கம்பி வேலி, பட்டாளத்துக்காரன் எல்லாம். பாத்த உடனே எனக்கு உபாகமம் இருபத்தேழு பதினேழுதான் ஞாபகம் வந்தது. 'பிறனுடைய எல்லைக்குறியை ஒற்றிப்போடுகிறவன் சபிக்கப்பட்டவன்.' எழுதிட்டேன். கொஞ்சம் பெரிய எழுத்தா எழுதினேன். அடியில கோடும் போட்டேன்.

அதுக்கு முந்தின நாள் சாயங்காலம் என் தம்பி சாமிதாஸ் எங்க வீட்டுக்குப் போற பாதை ஓரத்துல சுவர் கட்டக் குழி தோண்டினான். அது வேற விசயம். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. ஆனா ஊருல யாரு நம்புதா?

அந்த வசனம் பண்ணின கூத்தைக் கேளுங்க. 'ஒற்றிப்போடுதல்'னா என்ன? பழைய தமிழ்ல நகட்டி வைக்கது. எல்லைக்கல்லைப் பிடுங்கித் தள்ளி நடுதான் பாருங்க, அவனுக்குச் சாபம். இது யாருக்குத் தெரியுது இப்ப? ஏழு மணிக்குச் செல்லக்கனி கடையைப் போட்டுட்டு ஓடி வாரான், கண்ணெல்லாம் கலங்கிப் போய். "அண்ணாச்சி, நான் பணம் வாங்கிட்டு வீட்டை ஒத்திக்குத்தான விட்டிருக்கேன், கொலையா பண்ணிட்டேன், அதுக்குச் சாபமா?"னு கேக்கான். ஒத்திக்கு விட்டவனைச் சாபம் போட்டுருக்குனு நினைச்சுட்டான். அவனைத் தேத்தி அனுப்புறதுக்குள்ள சபைச் செயலர் ஜெயசிங் வந்து நிக்காவ, மூஞ்சி சிவந்து போய். "அசனத்தை நானா ஒத்திப்போட்டேன்? கமிட்டி தீர்மானம். தண்ணிப் பஞ்சம், எலெக்‌ஷன், அதனாலதான ஆகஸ்டுக்குத் தள்ளினோம். அதுக்கு நடுரோட்டுல வச்சுச் சபிப்பியளா?" அசனம்னா எங்க கோயில் சாப்பாடு தம்பி, ஊரே இலை போட்டு உக்காந்து சாப்பிடுறது. ஒத்திப்போடுறதுன்னா தள்ளிவைக்கதுனு அவிய அர்த்தம் பண்ணிட்டாவ. எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் வருத்தம். இந்த ஊருக்கு முப்பத்தாறு வருசம் தமிழ் சொல்லிக் குடுத்திருக்கேன்.

ஒரே ஒருத்தனுக்கு மட்டும் சரியான அர்த்தம் தெரிஞ்சது. சாமிதாஸுக்கு. தெரியாம இருக்குமா, எங்க அப்பா கோயில்ல வேதம் சொல்லிக் குடுக்கிற உபதேசியார். ரெண்டு பேரையும் உக்கார வச்சு வேதம் படிக்க வைப்பாவ, ஒரு வார்த்தைக்கு அர்த்தம் தெரியலனா ராத்திரிச் சோறு கிடையாது. அவன் கொத்தனார் வேலைக்குப் போயிட்டாலும் எனக்குச் சமமா வசனம் சொல்லுவான். அன்னைக்குப் பஸ் ஸ்டாப்புல நின்னு படிச்சான். மம்பட்டி தோள்ல கிடந்தது. ரெண்டு தடவை படிச்சான். படிச்சிட்டு வேலைக்குப் போயிட்டான்.

மூணாம் நாள் சர்வேயரைக் கூட்டிட்டு வந்துட்டான். சங்கிலியைப் பிடிச்சு அளந்தாவ. எல்லைக்கல்லைக் காணும். அங்க தேடுதாவ, இங்க தேடுதாவ. கடைசியில சாமிதாஸே கடப்பாரைக் கம்பியை எடுத்துட்டு வந்து எங்க வீட்டுப் படிக்கட்டுல முதல் படியைப் பேத்தான். அதுக்கு அடியில இருந்தது கல்லு.

நான் ஒண்ணும் மறைக்கல தம்பி. படிக்கட்டு வரவேண்டிய இடத்துல கல்லு இருந்துச்சு, அவ்வளவுதான். முப்பது வருசத்துக்கு முன்னால முன்கட்டு எடுத்தப்ப படி கட்டினது. கட்டினது யாருனு கேளுங்க. அவந்தான். அந்தச் சாமிதாஸ்தான். "அண்ணன் வீடுதான, இருந்துட்டுப் போட்டும்"னு அவனே கல்லு மேல சிமெண்டைப் போட்டு மூடினான், கூலி கூட வாங்கல. அப்ப இனிச்சது, இப்ப கசக்குதா? இதைத்தான் நான் பாதை கேட்டுப் போட்ட மனு பைல்லயும் எழுதிருக்கேன், மூணாம் பக்கத்துல.

அளந்து பாத்தா எங்க வீட்டுப் பாதை மொத்தமும் அவன் இடத்துல கிடக்காம். மூணு அடி. நாங்க நடமாடின பாதை, எங்க பிள்ளைய கலியாணத்துக்குப் பொண்ணு மாப்பிள்ளை வந்த பாதை. அவன் என்ன சொல்லுதான், சர்வேயர் முன்னால, எங்க சபைப் பாதிரியார் ஐயர் முன்னால? "நான் இந்தப் பாதையை விட்டுட்டுத்தான் அந்தப் பக்கம் குழி தோண்டினேன். அண்ணன்ட்ட கேட்டிருந்தா சொல்லிருப்பேன். என்ட்ட கேக்கல, போர்டுல எழுதிட்டான். முப்பது வருசமா என் இடத்துல நடந்தவன் என்னைப் பாத்து சபிக்கப்பட்டவன்னு ரோட்டுல எழுதிட்டான்." சொல்லிட்டு அழுதான் தம்பி. அறுபத்தி மூணு வயசு ஆளு, எல்லாரும் பாக்க அழுதான். எனக்கும் ஒரு மாதிரித்தான் இருந்துச்சு. ஆனா நான் பேப்பரைப் பாத்துத்தான எழுதினேன்?

அந்தக் குழியை மூடிட்டுக் கல்லு நின்ன இடத்துக்கே புதுக் குழி தோண்டினான். பத்து நாள்ல ஆறடிச் சுவர் எழும்பிருச்சு. நேரா, தூக்குநூல் பிடிச்சு, ஒரு இம்மி கோணல் இல்லாம. வேலைக்காரன் அவன். எங்களுக்கு மேக்க கல்லறைத் தோட்டத்துச் சுவர், வடக்க கோயில் ஸ்டோர் சுவர், தெக்க அடுத்த வீட்டுச் சுவர். கிழக்க மட்டுந்தான் வழி இருந்தது, அங்க இப்ப இவன் சுவர். ஒரு ஓரத்துல ஒண்ணரை அடி விட்டிருக்கான், ஆள் போக வர. அந்த ஒண்ணரை அடியும் அவன் இடந்தானாம், பெரிய தர்மப் பிரபு. அதுக்குப் பக்கத்துல சிவப்புப் பெயிண்ட்ல என்ன எழுதிருக்கான் தெரியுமா? 'இடுக்கமான வாசல் வழியாய் உட்பிரவேசியுங்கள்.'

சிரிக்கியளா? சிரிங்க. ஊரே சிரிச்சது. பஸ்ஸுல போறவன் வாரவன்லாம் முதல்ல என் போர்டைப் படிக்கான், அடுத்தாப்புல அவன் சுவரைப் படிக்கான். எனக்குத் தொந்தி வேற. சைடு வாக்குல திரும்பி, பையைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சு, மூச்சை இழுத்துக்கிட்டுத்தான் வெளிய வருவேன். மூணு சட்டையில பட்டன் போயிருச்சு. வேதத்தை இப்படித் தன் கோபத்துக்குப் பயன்படுத்தலாமா, நீங்களே சொல்லுங்க. வேதம் என்ன கல்லா, தூக்கி அடுத்தவன் மேல எறியதுக்கு?

நான் எப்படியும் வந்துருவேன் தம்பி. வர முடியாதது எங்க வீட்டுக்காரி. கனகமணி. போன வருசம் நவம்பர்ல அவளுக்குக் கையும் காலும் ஒரு பக்கம் விழுந்துட்டு. வலது பக்கம். பேச்சும் கொஞ்சம் இழுக்கும். பக்கவாதம்னு டாக்டர் சொன்னாவ, வேதத்துல அதுக்குப் பேரு திமிர்வாதம். பிள்ளைய ரெண்டும் வெளியூர்ல. சக்கர நாற்காலி ஒண்ணு வாங்கிப் போட்டோம். தினமும் சாயங்காலம் அஞ்சு மணிக்குச் சாமிதாஸ் பொண்டாட்டி லீலா வருவா. "அக்கா, கிளம்பலாமா?"னு கேட்டுட்டு நாற்காலியைத் தள்ளிட்டுக் கோயில் முன்னால வேப்பமரத்தடிக்குக் கூட்டிட்டுப் போவா. அங்க நாலு பொம்பளைய இருப்பாவ. போற பஸ் வார பஸ்ஸைப் பாத்துக்கிட்டு, பேசிக்கிட்டு, ஆறரைக்கு வருவா. அந்த ஒண்ணரை மணி நேரந்தான் அவளுக்கு உலகம்.

ஒண்ணரை அடியில சக்கர நாற்காலி போவுமா? போவாது. நாலு மாசமா அவ வெளிய வரல. டாக்டர்ட்ட போய் காலைக் காட்ட வேண்டியது, அதுவும் நின்னு போச்சு. அஞ்சு மணி ஆனா, "கேட்டியளா, மணி அஞ்சாச்சா?"னு கேப்பா. ஆச்சுனு சொல்லுவேன். வேற ஒண்ணும் கேக்கமாட்டா. முதல்ல ரெண்டு மூணு வாரம் லீலா சுவருக்கு அந்தப் பக்கம் நின்னு பேசுவா, இவ ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு இந்தப் பக்கம் இருந்து பேசுவா. என்ன குழம்பு, யாருக்குப் பிள்ளை பிறந்துச்சு, இப்படி. நான் பேசவேண்டாம்னு சொல்லல. ஜன்னலை மட்டும் சாத்திருவேன். சிமெண்டுத் தூசி வருதுல்லா.

ஐயர் வந்தாவ ஒரு நாள். இளவயசு, நல்ல மனுசன். அவியளும் சைடா திரும்பித்தான் உள்ள வந்தாவ. உக்காந்து ஜெபம் பண்ணிட்டுச் சொல்லுதாவ, "அண்ணாச்சி, உங்க தம்பி ஒரே ஒரு காரியந்தான் கேக்கான். அந்த வசனத்தை அழிச்சிட்டு வந்து சுவருக்கு அந்தப் பக்கம் நின்னு 'தம்பி'னு ஒரு தடவை கூப்பிடச் சொல்லுதான். அன்னைக்கே சுவரை எடுத்துருவேங்கான். வீட்டுல அடைஞ்சு கிடக்கிற மைனிக்காகவாவது செய்யுங்களேன்." நான் நிமிந்து உக்காந்து கேட்டேன், "வேத வசனத்தை அழிக்கச் சொல்லுதியளா ஐயரே? நீங்களா?" டீயைக் குடிச்சிட்டுப் போயிட்டாவ. கனகமணி அன்னைக்கு ராத்திரி சாப்பிடல. வயிறு சரியில்லனு சொன்னா.

ஆமா, நீங்க கேக்கது சரிதான். நாலு மாசமா ஒரே வசனந்தான் போர்டுல. அழிக்கவே இல்ல. மங்கினா மேல மறுபடியும் எழுதுவேன், தினமும் ஆறரைக்கு முன்னால. அதுக்காகப் பேப்பர் படிக்காம இருக்கேன்னு நினைக்காதீங்க. தினமும் படிக்கேன். எலெக்‌ஷன் வந்துச்சு, போச்சு. எங்கயோ பாலம் இடிஞ்சுச்சு. எங்கயோ வெள்ளம். எல்லாத்தையும் படிப்பேன், படிச்சுட்டு யோசிப்பேன். யோசிச்சா எல்லாத்துக்கும் இந்த வசனந்தான் பொருந்துது. நான் என்ன செய்ய?

சில நாள் விடியக்காலம் சாக்பீஸும் கையுமா நிக்கும்போது ஒரு ஆசை வரும். வேற ஏதாவது எழுதுவோமேனு. 'கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்'னு சாதாரணமா ஒண்ணு. மனசு அதுக்கு ஏங்கும் தம்பி, பொய் சொல்லல. ஈரத்துணியைக் கையில எடுத்திருக்கேன், ரெண்டு தடவை. அப்ப டீக்கடையில நிக்கிறவன்லாம் என்னையே பாக்க மாதிரி இருக்கும். அழிச்சுட்டான்டா வாத்தியார், தோத்துட்டான்டானு சொல்லிருவானுவ. துணியைப் பைக்குள்ள வச்சுட்டு அதையே எழுதிட்டு வந்துருவேன். வீட்டுக்குள்ள அவ அடைஞ்சு கிடக்கா, வெளிய நான் அந்த ஒரு வரியில அடைஞ்சு கிடக்கேன். இது யார்ட்ட சொன்னாலும் புரியாது.

இன்னைக்குத்தான் ஆகஸ்டு அசனம். ஆமா, அந்தத் தள்ளிப்போட்ட அசனம். ஒரு வாரமா கனகமணிக்கு அதே நினைப்பு. "ஒரு நாள் கூட்டிட்டுப் போங்க, இலையில உக்காந்து சாப்பிடணும்"னா. நான் சொன்னேன், இன்னைக்குத் திருநெல்வேலியில பாதை மனு விசாரணை இருக்கு, ஆர்டர் கையில வரட்டும், அதுக்குப் பொறவு தலை நிமிந்து போவோம், யார்ட்டயும் கெஞ்சிப் போவ வேண்டாம்னு. அவ சுவரைப் பாத்துக்கிட்டே கிடந்தா. அவ புதுச் சேலை கட்டிருந்தது நான் பஸ் ஏறின பொறவுதான் எனக்கு ஞாபகம் வந்துச்சு. ஒத்தக் கையால எப்படிக் கட்டினாளோ, இல்ல லீலா ஜன்னல் வழியா எதுவும் சொல்லிக் குடுத்தாளோ.

விசாரணையா? தள்ளி வச்சுட்டாவ. அதிகாரி லீவாம். அடுத்த மாசம் பத்தாம் தேதி. என் மனுவையும் ஒத்திப்போட்டுட்டாவ, பாத்தியளா? இருங்க தம்பி, போன் அடிக்கு.

ஆங், லீலாவா? சொல்லு. ஏன், அவளுக்கு என்ன? என்னம்மா சத்தம் அங்க? யாரு? கனகமணியா? உன் போன்ல எப்படி? நீ எங்க இருக்க? எங்க? சாப்பிட்டியா? யாரு இலை போட்டா? இரு, இரு, மெதுவாச் சொல்லு, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். ம். ம். சரி. அதை ஏன் நீ... சரி. நான் வந்து பேசுதேன். கனகமணி? ஏ, கனகமணி?

வச்சுட்டா.

இல்ல, கெட்டது ஒண்ணுமில்ல தம்பி. கொஞ்சம் அந்தத் தண்ணி பாட்டிலைக் குடுங்க.

அவ அசனத்துல இருக்காளாம். பத்து மணிக்கு ஜன்னலைத் திறந்து கூப்பிட்டிருக்கா. நான் சாத்திட்டு வந்த ஜன்னலை இடது கையால திறந்து, "தம்பி"னு கூப்பிட்டிருக்கா. ஒரு தடவைதான் கூப்பிட்டேன்னு சொல்லுதா. சாமிதாஸ் ஓடி வந்து கடப்பாரைக் கம்பியை எடுத்துட்டான். அவனே கட்டின சுவரை அவனே இடிச்சிருக்கான். கல்லும் மண்ணுமா கிடந்ததுல சக்கரம் உருளல. அதனால அவன் ஒரு பக்கம், ஜெயசிங் ஒரு பக்கம், செல்லக்கனி ஒரு பக்கம், அங்கியைக் கழட்டிப் போட்டுட்டு ஐயர் ஒரு பக்கம், நாலு பேரும் நாற்காலியோட தூக்கிட்டுப் போயிருக்காவ. வேதத்துலயும் நாலு பேருதான், கேட்டியளா. வீட்டு மேற்கூரையைப் பிரிச்சுத் திமிர்வாதக்காரனைக் கட்டிலோட ஆண்டவர் முன்னால இறக்கினாங்கள்லா, அதே மாதிரி. இதைப் போர்டுல எழுதிருக்கலாம். பேப்பர்ல வராத செய்தி.

ஆனா போர்டை அவ அழிச்சுட்டாளாம். போற வழியில நிறுத்தச் சொல்லி, செல்லக்கனி கடையில தண்ணி வாங்கி முந்தானையை நனைச்சு, அந்த இடது கையாலயே தேச்சு அழிச்சிருக்கா. சீனித் தண்ணியில எழுதினது, லேசுல போயிருக்காது. ரொம்ப நேரம் தேச்சிருப்பா. யாரும் பிடிச்சுக் குடுக்கலயாம், அவ விடலயாம். ராத்திரி லீலா வீட்டுலதான் படுக்கப் போறாளாம். "நீங்க எப்ப வந்தாலும் சாப்பாடு எடுத்து வச்சிருக்கும்"னு சொன்னா. எங்க வச்சிருக்கும்னு சொல்லல.

இன்னொண்ணு சொன்னா. அவ பேச்சு இழுக்கும்னு சொன்னேன்லா, ஒவ்வொரு வார்த்தையா நிறுத்தி நிறுத்தித்தான் சொல்லுவா. "கட்டில்ல... கிடந்தது... நான். திமிர்வாதக்காரன்... நீங்கதான்"னு சொன்னா. சொல்லிட்டு வச்சுட்டா. நாப்பத்தொரு வருசத்துல அவ என்னை எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னதில்ல தம்பி.

அவ தப்பா அர்த்தம் பண்ணிட்டா. ஊருக்காரங்க மாதிரியே இவளும். திமிர்னா கொழுப்பு, ஆணவம்னு இப்ப எல்லாரும் நினைக்காங்க. திமிர் பிடிச்சு வாதம் பண்ணுறவன் திமிர்வாதக்காரன்னு நினைச்சுச் சொல்லிட்டா. வேதத்துல அந்த அர்த்தம் இல்ல. திமிர்னா மரத்துப் போறது. தொட்டா தெரியாது, கிள்ளினாலும் தெரியாது, பக்கத்துல நின்னு ஒருத்தர் அழுதாலும்...

கேட்டைத் திறந்துட்டானா? நல்லது. வண்டி போகட்டும்.

இல்ல, நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். நான் பேசினதே அதிகம். அந்தா வருது பாருங்க, வேப்பமரம், பந்தல், அதுதான் கோயில். எனக்குக் கண்ணாடி போட்டும் தெளிவாத் தெரியல, நீங்க பாத்துச் சொல்லுங்க. போர்டுல எதுவும் எழுதிருக்கா? ஒண்ணுமில்லையா? சுத்தமா? சரி. சரி.

ஆமா, இதான் என் ஸ்டாப்பு. கண்டக்டர் விசில் அடிக்காரு, கேக்குது. நீங்க கொஞ்சம் கையைக் குடுங்க தம்பி, என்னால எந்திரிக்க முடியல. வேற ஒண்ணுமில்ல, ஒரே இடத்துல ரொம்ப நேரம் உக்காந்துட்டேன்லா, கால் திமிர்த்துப் போச்சு.